ப்ரைட்னஸ் கொறச்சு

சூடாமணிக்கும் பிஜுவுக்கும் அன்றைக்கு மனத்தாங்கல் வந்ததே மரியாதையால்தான். கொஞ்சம் மரியாதை கெட்டவர்களாக இருந்திருந்தால் பாதி நாள் மிச்சமாகியிருக்கும்.

சூடாமணி சங்கரன்கோவில்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவள். புருஷன் பிச்சைக்கனிக்குத் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. அவனோடு திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியேறி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, மலையாளமும் படித்துவிட்டாள். படித்தாள் என்றால் எழுத்துக்கூட்டி அல்ல. மீன்காரியோடும் ரேஷன் கடைக்காரனோடும் மல்லுக்கட்டிப் படித்த மலையாளம். அது நன்றாகவே வேலை செய்தது.

பிஜு கிழக்கேகோட்டை பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க மாடியறைச் சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டி, அதற்கு ஸ்டுடியோ என்று பேர் வைத்திருந்தவன். மலையாளி. ஆனால் அம்மா களியக்காவிளைப் பக்கம். அதனால் தமிழ் தன் வீட்டுச் சொத்து என்ற நினைப்பு அவனுக்கு உண்டு. அந்தச் சொத்தைச் செலவு செய்ய ஆள் கிடைக்காமல்தான் தவித்துக்கொண்டிருந்தான்.

சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இரண்டு பேரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், ஆளுக்கொரு முடிவு எடுத்தார்கள். அவன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அவனைத் தமிழ் பேச வைப்பது முறையில்லை, ஸ்டுடியோவுக்குள் மலையாளம்தான் என்று சூடாமணி தீர்மானித்தாள். வயதில் மூத்த சேச்சியை மலையாளத்தில் திணற விடுவது மோசம், அவளோடு தமிழ்தான் என்று பிஜு தீர்மானித்தான். ஆக, அந்த அறைக்குள் தமிழச்சி மலையாளம் பேசினாள், மலையாளி தமிழ் பேசினான். வெளியிலிருந்து கேட்கிறவர்களுக்குத்தான் தலை சுற்றும். அவர்களுக்கு அது பழகிப்போயிற்று.

வேலை கொடுத்தவர் பகவதிப்பெருமாள் அண்ணாச்சி. பழவங்காடி முக்கில் தேங்காயும் கற்பூரமும் பூஜைச் சாமானும் விற்கிறவர். கார்த்திகை பிறந்தால் தமிழ்நாட்டுச் சாமிமார் மலைக்குப் போகிற வழியில் வண்டி வண்டியாக வந்து இறங்கி, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கத் தமிழில் பிள்ளையார் பாட்டு கேசட்டும் சிடியும் போட்டால் என்ன என்று அண்ணாச்சிக்கு ஆசை வந்துவிட்டது. பாட்டுகளை அவரே எழுதினார். இலக்கணம் எல்லாம் பார்க்கக்கூடாது. பக்தி நிறைய இருந்தது. மெட்டும் இசையும் சூடாமணி.

இதுவரை அவள் வாசித்த கேசட்டுகள் வீட்டில் ஒரு பை நிறையக் கிடந்தன. ஒன்றில்கூட அவள் பேர் கிடையாது. 'இசை' என்று போட்டு வேறு யாராவது இருப்பார்கள், இல்லாவிட்டால் குழுவின் பேர் இருக்கும். பிச்சைக்கனி ஒவ்வொரு கேசட் வரும்போதும் அட்டையைப் பிரித்து, பின்பக்கம் திருப்பி, உள்பக்கம் மடிப்பில்கூடத் தேடிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பையில் போட்டுவிடுவான். அவன் ஒன்றும் சொல்லாததுதான் அவளுக்கு ஆத்திரமாக இருக்கும். அதனால் இந்தத் தடவை வெட்கத்தை விட்டு அண்ணாச்சியிடம் கேட்டேவிட்டாள்.

"அட்டையில என் பேரு போடுவீங்களா அண்ணாச்சி?"

அண்ணாச்சி யோசித்தார். அவர் பார்வையில் சூடாமணி கறுப்புக்கட்டை வெள்ளைக்கட்டையை அழுத்துகிறாள், சத்தம் என்னவோ பிஜுவின் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. வயலினும் கம்ப்யூட்டர், புல்லாங்குழலும் கம்ப்யூட்டர், மணியும் கம்ப்யூட்டர். அப்படியிருக்க இசை யாருடையது என்று அவருக்கு நியாயமான சந்தேகம்.

"சத்தம் எனக்குப் பிடிச்சாப்பில வரட்டும் தங்கச்சி. வந்தா உங்க பேரு. இல்லேன்னா கடைப் பேரும் ஸ்டுடியோ பேரும் போட்டு முடிச்சிருவோம், என்ன?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அந்தப் பேர்தான் அவளுக்கு மனசு முழுக்க.

வாத்தியமெல்லாம் பிஜு புதிதாக வாங்கிப் போட்டிருந்த ஒரு சிந்தசைசர் மென்பொருளில் இருந்தது. தனியாகப் பெட்டி எதுவும் கிடையாது. கீபோர்டை ஒரு கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால் திரையில் ஒரு சன்னல் திறக்கும். அதற்குள் வாத்தியம் வாத்தியமாகச் சத்தங்கள், ஒவ்வொரு சத்தத்துக்கும் கீழே வரைந்து வைத்த திருகு குமிழ்கள். மௌஸால் பிடித்துத் திருப்ப வேண்டும். சூடாமணி பிஜுவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இவிடே, இவிடே" என்று விரலால் தொட்டுக் காட்ட, அவன் திருப்பத் திருப்ப, ஒவ்வொரு சத்தத்தையும் இழைத்து இழைத்துச் செய்தாள். வயலினைத் தனியாகக் கேட்டால் தேன். குழலைத் தனியாகக் கேட்டால் தேன். பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் வினை. மாதிரிக்குப் போட்டுக் கொடுத்த கேசட்டை அண்ணாச்சி கடையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையிலேயே போன் செய்தார்.

"பாடுதவன் தெளிவாத்தான் பாடுதான். பின்னால உள்ள வாத்தியம்லாம் கம்பளியைப் போத்திக்கிட்டு வாசிச்சாப்பில இருக்கே தங்கச்சி. அட்டை நாளைக்கு அச்சுக்குப் போகணும். மத்தியானம் சாப்பிட்டுட்டு நான் அங்கே வாறேன். அதுக்குள்ள சரிபண்ண முடியுமான்னு பாருங்க. முடியலேன்னா உள்ளதை வச்சுக்கிடுவோம்."

உள்ளதை வைத்துக்கொள்வது என்றால் அவள் பேர் இல்லாமல் வைத்துக்கொள்வது என்று அர்த்தம். மதியத்துக்குள் ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு வாத்தியத்தையும் திறந்து திருத்துவது நடக்கிற காரியமா? சூடாமணி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பிஜுதான் தைரியம் சொன்னான். திரையில் திறந்த சன்னலின் உச்சியில் தனியாக ஒரு வரிசைக் குமிழ்கள் இருந்ததைக் காட்டினான்.

"இது குளோபல் சேச்சி. கீழே திருப்பினா ஒரு வாத்தியம் மட்டும் மாறும். இங்க மேலே திருப்பினா எல்லாம் ஒண்ணா மாறும். ப்ரைட்னஸ் இருக்கு, அட்டாக் இருக்கு, ரிவெர்ப் இருக்கு. ஒரே திருப்பு, வேலை முடிஞ்சு."

ப்ரைட்னஸைக் கூட்டினால் சத்தத்துக்கு வெளிச்சம் வரும், இறக்கினால் இருட்டும். அட்டாக் என்பது சத்தம் சடாரென்று பிறக்கிறதா மெல்லப் பிறக்கிறதா என்பது. ரிவெர்ப் கோயில் மண்டபத்துக்குள் நின்று வாசிப்பது போன்ற முழக்கம். இது எல்லாம் சூடாமணிக்குத் தெரியும். எல்லா வாத்தியத்துக்கும் சேர்த்து ஒரே குமிழ் என்பதுதான் புதிது. தெரு முழுக்க ஒரே பொதுக்குழாய் மாதிரி என்று நினைத்துக்கொண்டாள். சாலைத் தெருவில் பொதுக்குழாய்ச் சண்டை பார்த்தவளாதலால் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

முழுப் பாட்டையும் வாசித்துக்கொண்டே திருப்பினால்தான் எடை தெரியும். அதனால் அவள் எழுந்து கீபோர்டுக்குப் போனாள். அது எதிர்ச்சுவரில், சன்னல் பக்கம் இருந்தது. திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. கண்ணால் பார்த்தால் காது சோம்பேறியாகிவிடும் என்பது அவள் கட்சி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாசித்துப் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

"பிஜு, ப்ரைட்னஸ் கொறச்சு."

கை வேலையாக இருக்கும்போது வினைச்சொல் எல்லாம் அவளுக்கு வீண் செலவு. அவள் பேசியது மலையாளம். மலையாளத்தில் கொறச்சு என்றால் கொஞ்சம். கொஞ்சம் ப்ரைட்னஸ் வேண்டும் என்றாள். ஆனால் பிஜு அன்றைக்கு முழுத் தமிழனாக அல்லவா உட்கார்ந்திருந்தான்? அவள் மலையாளத்துக்கு நடுவே தமிழ் வந்து விழுவதும் அவனுக்குப் பழக்கம்தான். தமிழில் கொறச்சு என்றால் கொறைச்சுவிடு. அவன் குமிழை இடப்பக்கம் இறக்கினான்.

"செஞ்சாச்சு சேச்சி."

கம்ப்யூட்டர் பழசு. இத்தனை வாத்தியத்தையும் ஒரே நேரத்தில் சுமக்கத் திணறும். குமிழைத் திருப்பினால் மணற்கடிகாரம் ஒன்று திரையில் தோன்றி நின்று யோசிக்கும். பிறகு பாட்டை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அதற்குள் முந்தின சத்தம் எப்படி இருந்தது என்பது காதில் பாதி அழிந்துவிடும். சூடாமணி வாசித்துப் பார்த்தாள். வெளிச்சம் வந்த மாதிரித் தெரியவில்லை.

"போரா. இனியும் கொறச்சு."

போதாது, இன்னும் கொறச்சுவிடு என்று அவன் எடுத்துக்கொண்டான். இன்னும் இறக்கினான்.

"இனியும் கொறச்சு."

இறக்கினான். அவன் மனசுக்குள் ஒரு கேள்வி எழாமல் இல்லை. அண்ணாச்சி கம்பளி என்கிறார், சேச்சி மேலே இன்னொரு கம்பளியைப் போர்த்தச் சொல்கிறாளே? ஆனால் போன வாரம் குழல் விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லப்போய், "நீ மௌஸை நோக்கியால் மதி, காது ஞான் நோக்காம்" என்று, மௌஸோடு நிறுத்திக்கொள், காது என் பொறுப்பு என்கிற மாதிரி வாங்கிக் கட்டிக்கொண்டவன். பெரிய வித்துவான்கள் எதையோ நினைத்துத்தான் செய்வார்கள் என்று வாயை மூடிக்கொண்டான். மரியாதை இப்படித்தான் மனுஷனை ஊமையாக்கும்.

சூடாமணி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். வயலின் அடுத்த வீட்டிலிருந்து கேட்பது போல் இருந்தது. குழல் இருக்கிற இடமே தெரியவில்லை. கேட்கக் கேட்க அவன் கூட்டிக்கொண்டே போகிறான், எனக்கோ மங்கிக்கொண்டே வருகிறதே? அப்படியானால் கோளாறு எங்கே? ஹெட்போனைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினாள். காதுக்குள் சுண்டுவிரலை விட்டுக் குடைந்தாள். பக்கத்து வீட்டு மாடம்மாளுக்கு இப்படித்தான் ஒரு காது மெல்ல மெல்ல மந்தமாகி, பிறகு பேச்சே கேட்காமல் போயிற்று. இத்தனை வருஷம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவள் நான். காது போய்விட்டால் என்ன மிச்சம்? பேராவது ஒன்றாவது, அட்டையைத் தூக்கிக் குப்பையில் போடு, என் காதை மட்டும் விட்டு வை பிள்ளையாரே என்று நெஞ்சுக்குள் அழுதாள்.

"இனியும் கொறச்சு" என்றாள்.

"இதுக்கு மேல போகாது சேச்சி. கடைசிக்கு வந்தாச்சு."

கடைசி வரைக்கும் ஏற்றியும் எனக்குக் கேட்கவில்லை. முடிந்தது கதை. அவள் ஹெட்போனைக் கழற்றிக் கீபோர்டு மேல் வைத்துவிட்டு எழுந்து சன்னலைத் திறந்தாள். அழுகை வந்தால் பிஜு பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான்.

திறந்ததும் கிழக்கேகோட்டை முழுசும் உள்ளே வந்து விழுந்தது. கண்டக்டர் இரட்டை மணி அடித்தான். அது கணீர் என்று, மணியின் விளிம்பு தெரியக் கேட்டது. யாரோ ஒருவன் சில்லறையைத் தட்டில் கொட்டினான். ஒவ்வொரு காசும் தனித்தனியாகக் கேட்டது. தூரத்தில் பழவங்காடிப் பக்கம் தேங்காய் சிதறியதுகூடக் கேட்டது. காதுக்கு ஒன்றும் இல்லை. காது ராஜா மாதிரி இருக்கிறது. அப்படியானால் கோளாறு அறைக்குள்தான்.

அழுகை போன வேகத்தில் ஆத்திரம் வந்தது. விடுவிடுவென்று பிஜுவின் மேசைக்குப் போய்க் குனிந்து, கீபோர்டுக்குப் போன பிறகு முதல் தடவையாகத் திரையைப் பார்த்தாள். ப்ரைட்னஸ் குமிழின் கோடு இடப்பக்கம் கீழே, இதற்கு மேல் இடமில்லை என்கிற மூலையில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

மலையாளம் எல்லாம் காற்றில் பறந்தது. "ஏலே, இதை எவம்லே இங்க கொண்டாந்து வச்சான்?"

பிஜுவுக்கும் தமிழ் மறந்துபோயிற்று. "சேச்சியல்லே பறஞ்ஞது! கொறச்சு, கொறச்சு, இனியும் கொறச்சுன்னு!"

"கொறச்சுன்னா கூட்டணும்லா! கொறச்சு, கொஞ்சம்! உங்க பாஷைதானேடா!"

"எங்க பாஷையா? சேச்சி தமிழ்ல சொல்லுதீங்கன்னுல்லா நான் நெனச்சேன்! தமிழ்ல கொறச்சுன்னா கொறைக்கிறதுதானே?"

"நான் எங்கடா தமிழ்ல பேசுனேன்? இத்தனை மாசமா உனக்காக மலையாளம்தானே பேசிக்கிட்டிருக்கேன்!"

"எனக்காகவா?" பிஜு வாயைப் பிளந்தான். "நான் சேச்சிக்காக அல்லவா தமிழ் பேசிட்டு இருக்கேன்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் யார் சிரித்தது என்று சொல்வது கஷ்டம். பிஜு மேசையில் தலையை வைத்துக் குலுங்கினான். சூடாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். காது போகவில்லை என்கிற சந்தோஷமும் சேர்ந்துகொண்டதால் அவள் சிரிப்பு சீக்கிரத்தில் அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. இந்தத் தண்ணீரை அவன் பார்த்தால் பாதகமில்லை.

"செரி, இனி எந்த பாஷை?" என்று பிஜு மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

அதுதான் சங்கடம். அவன் தமிழும் அவள் மலையாளமும் பழகிப்போய், மாற்றிக்கொள்ள இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அர்த்தம் உள்ள சொல்லாக வேண்டும். சூடாமணி யோசித்தாள். அவள் வீட்டு வாசலில் விடிந்ததிலிருந்து கேட்கிற சத்தம் நினைவுக்கு வந்தது. சாலைக் கடைத்தெருவில் லாரி வந்து நின்றால் சுமட்டுக்காரர்கள் சொல்வார்களே, அதில் தமிழன் மலையாளி என்று யாராவது குழம்பி மூட்டையைத் தலைகீழாகப் போட்டிருக்கிறானா?

"ஏத்து, எறக்கு" என்றாள். "ரெண்டே வார்த்தை. கொறச்சுங்கிற பேச்சே இந்த ரூமுக்குள்ள கூடாது."

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ப்ரைட்னஸை ஏத்து என்றாள். வயலினும் குழலும் கம்பளியை உதறிவிட்டு வெளியே வந்தன. ஆனால் பொதுக்குழாய் அல்லவா? எல்லாரும் ஒன்றாக வந்ததில் மணி மட்டும் காதைக் கிழித்தது. பிஜு ப்ரைட்னஸை இறக்கப் போனான். அவள் தடுத்தாள். அதைத் தொட்டால் மற்றவை மறுபடி படுத்துவிடும். எல்லாச் சத்தமும் கொஞ்சம் மெல்லப் பிறக்கிற மாதிரி அட்டாக்கைத் திருப்பச் சொல்லி, முழக்கத்தை ஒரு நூல் ஏற்றச் சொன்னாள். மணி அடங்கிவிட்டது. கோயிலுக்கு வெளியே நிற்பவனுக்கு உள்ளே அடிக்கிற மணி எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. பிஜு குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டு, "தொடாம இருக்கேன் சேச்சி" என்றான். அவள் முதுகைச் சாய்த்துக்கொண்டு பாட்டு முடிகிற வரை கேட்டாள். இத்தனை வருஷத்தில் தான் வாசித்த ஒன்றைக் கேட்டு இவ்வளவு நிறைவாக இருந்ததில்லை என்று தோன்றியது.

அண்ணாச்சி சாப்பிட்ட களையோடு மாடியேறி வந்தார். கையில் கடையிலிருந்த பழைய டேப்ரிக்கார்டர். "உங்க பெரிய ஸ்பீக்கர்ல எல்லாம் நல்லாத்தான் கேக்கும். சாமிமார் கேக்கப்போறது இதுலதான்" என்று அதை மேசைமேல் வைத்தார். நியாயமான மனுஷர்தான்.

கேசட்டில் ஏற்றிப் போட்டார்கள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். முதல் பாட்டில் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் மணி வந்தபோது கை தானாக எழுந்து நெற்றியில் குட்டிக்கொண்டது. அவருக்கே தெரியாமல் இரண்டாவது தடவையும் குட்டிக்கொண்டார்.

"இது நம்ம பாட்டுதானா?" என்றார் கண்ணைத் திறந்து. "கம்ப்யூட்டரை மாத்திட்டியளா?"

"கம்ப்யூட்டர் அதேதான் அண்ணாச்சி" என்றான் பிஜு. "சேச்சி சொன்னாங்க, நான் திருப்பினேன். காது முழுசும் சேச்சியோடது."

அண்ணாச்சி சூடாமணியை ஒரு தடவை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் விரித்தார். அச்சகத்துக்காரன் கொடுத்த மாதிரி அட்டை. நடுவில் பிள்ளையார், மேலே பாட்டின் பேர், கீழே கொட்டை எழுத்தில் கடைப் பேரும் போன் நம்பரும். அதற்கும் கீழே, ஓரத்தை ஒட்டி, 'இசை: சூடாமணி'. அவர் முதலிலேயே போட்டுத்தான் வைத்திருந்தார். அவள் குனிந்து அதை இரண்டு தடவை படித்தாள்.

அண்ணாச்சி அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "தங்கச்சி, இந்தப் பேரு இருக்கு பாருங்க, இதைக் கொறச்சு…" என்று தொடங்கியபோது அவர் செல்போன் அடித்தது. தேங்காய் லாரி ஆரல்வாய்மொழியில் நிற்கிறதாம். "ஒரு நிமிஷம்" என்று எழுந்து வெளியே போய், படிக்கட்டில் நின்று டிரைவரோடு சத்தம் போடத் தொடங்கினார்.

சூடாமணி பிஜுவைப் பார்த்தாள். பிஜு சூடாமணியைப் பார்த்தான். அந்த எழுத்தே எறும்பு அளவுதான் இருந்தது. அதையும் குறைத்தால் அப்புறம் அச்சடிக்கிறதற்குப் பதில் புள்ளி வைத்துவிடலாம். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வேறு நாளாக இருந்தால் இந்நேரம், "பேரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், கேசட்டைத் தாங்க" என்று கிளம்பியிருப்பாள். இன்றைக்குக் காலையில் பட்ட பாடு அவளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தது. லாரி டிரைவர் மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அண்ணாச்சி திரும்பி வந்து உட்கார்ந்தார். "எங்க விட்டேன்?"

"பேரைக் கொறச்சுன்னு சொன்னீங்க" என்றாள். "அது தமிழா அண்ணாச்சி, மலையாளமா?"

"என்னது?"

"கொறச்சு. தமிழ்லயா சொன்னீங்க, மலையாளத்துலயா?"

அண்ணாச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சாப்பிட்ட களையில் தனக்குத்தான் எதுவும் புரியவில்லையோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "கொறச்சுன்னா கொறச்சுதான் தங்கச்சி. அதுல என்ன பாஷை வேண்டிக்கெடக்கு? அச்சகத்துக்காரன் ஓரத்துல எறும்பு மாதிரி போட்டு வச்சிருக்கான், எவன் கண்ணுக்குத் தெரியும்? கொறச்சு மேல ஏத்தி, கொறச்சு பெரிசாப் போடச் சொல்லணும்னு சொல்ல வந்தேன். இதுக்குள்ள லாரிக்காரன் கூப்பிட்டுட்டான்."

பிஜு முட்டை அட்டைச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சூடாமணி சிரிக்கவில்லை. சிரிக்க முயன்றால் வேறு ஏதாவது ஆகிவிடும் போலிருந்தது.

அண்ணாச்சி பேனாவை எடுத்து, பிள்ளையாருக்கு நேர்கீழே, கடைப் பேருக்கு மேலே, 'சூடாமணி' என்று எழுதினார். எழுதிவிட்டுத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த அளவு போதுமா?"

சூடாமணி மேசையருகே வந்து நின்று பார்த்தாள். பிச்சைக்கனி உள்மடிப்பைப் பிரிக்க வேண்டியிருக்காது. ஆனாலும் வந்தது வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

"இனியும் கொறச்சு, அண்ணாச்சி."

அவர் எந்தப் பாஷை என்று கேட்கவில்லை. எழுதினதை அடித்துவிட்டு, அதைவிடப் பெரிதாக எழுதினார்.